இதுவும் ஒரு பழங்கற்படி

காவிரியின் வடகரையில், ஆடுதுறைக்கு அருகே, திருக்கோடிக்காவல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தேவாரம் பாடும் திருக்கோடிகா அதுவே. உத்தம சோழர் காலத்தில், அவருடைய அன்னையார் செம்பியன் மாதேவியார் அவ்வூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். பழைய கோயிலுக்கு முந்தைய தலைமுறையினர் அளித்திருந்த கொடைகள் அங்கே கிடந்த கற்களில் வெட்டப்பட்டிருந்தன. கட்டடம் புதிதானால் அந்தக் கற்களுக்கு இடமில்லை. அதனால் அவற்றிலிருந்த வாசகங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டி வைத்தார்கள். அது நகல் என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா? 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பையும் கல்லிலேயே சேர்த்தார்கள்.

சிற்றூர்களில் உள்ள பழைய கட்டடங்களைப் படமெடுப்பது பற்றி எழுத அமர்ந்தபோது, நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தொடர்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரில் செய்யப்பட்ட காரியத்தில் மூன்று கடமைகள் அடங்கியிருக்கின்றன. அழிவதற்கு முன் படி எடுப்பது முதற்கடமை. அது எதன் படி என்று எழுதி வைப்பது இரண்டாவது. அந்தப் படியை அந்த ஊரிலேயே வைப்பது மூன்றாவது. காமிரா இந்த மண்ணுக்கு வந்த பிறகு நடந்தவற்றை இம்மூன்று கடமைகளையும் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மூன்று ஆண்டு இடைவெளி

கங்கைகொண்டசோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசின் தலைநகராக விளங்கிய இடம் அது என்பதற்குச் சாட்சியாகப் பெரிய கோயில் ஒன்றே நிமிர்ந்து நிற்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. அணைக்குக் கல் வேண்டும். அருகில், யாரும் கேட்பாரற்றது என்று கருதப்பட்ட இந்தக் கோயிலில், செதுக்கிய கருங்கல் மலைமலையாக இருந்தது. கோயிலின் சுற்றுமதில் ஏறக்குறைய முழுவதுமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. கோபுரப் பகுதியும் சிற்பக் கற்களும் அதனோடு போயின. தடுக்க முயன்ற ஊர்மக்கள் அரசாணையை அவமதித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று சொல்கிறது.

கீழணை வயல்களுக்கு நீர் தந்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. நம்மை உறுத்துவது வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தால் அங்கே நடனமாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையும்கூடத் தெரிகின்றன. கங்கைகொண்டசோழபுரத்திலோ, இராஜேந்திரர் அளித்த கொடைகளை நாம் அறிவதே பின்னால் வந்த வீரராஜேந்திரர் காலத்துக் கல்வெட்டின் வழியாகத்தான். பெயர்த்தெடுக்கப்பட்ட மதிலில் ஏதேனும் எழுதியிருந்ததா, ஒன்றுமே இல்லையா? இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்வதற்குக்கூட நம்மிடம் படம் இல்லை. பாரிசில் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆகஸ்டு மாதத்தில். மதில் போனதற்கும் காமிரா வந்ததற்கும் இடையே மூன்றே ஆண்டுகள். வரலாற்றில் சில இழப்புகள் இப்படி மயிரிழையில் நேர்ந்துவிடுகின்றன.

படிக்கத் தெரியாத எழுத்தைப் படமெடுத்தவர்

காமிரா வந்ததும் தமிழகக் கோயில்களைப் பெரிய அளவில் படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப். இராணுவ அதிகாரி. 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக் கலைஞராக நியமித்தது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, அடுத்த ஆண்டின் முற்பகுதிக்குள் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் பயணம் செய்தார். மாட்டுவண்டிப் பயணம். இன்று சட்டைப் பையில் அடங்குகிற கருவியை வைத்துக்கொண்டு அந்த உழைப்பை நம்மால் எளிதில் உணர முடியாது. அச்சிடப்போகும் படம் எவ்வளவு பெரியதோ, நெகடிவும் அவ்வளவு பெரியதாக இருக்கவேண்டிய காலம் அது. ஆகவே காமிராவும் பெரியது. மெழுகிட்ட காகிதத்தில் இரசாயனம் தோய்த்து நெகடிவ் தயாரிக்கவேண்டும். வெயிலும் புழுதியும் இரசாயனங்களைக் கெடுக்கும். அத்தனைக்கும் நடுவே, கல்லின் மேல் வெயில் எப்போது எந்தப் பக்கமாக விழுகிறது என்று பார்த்துக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை.

அவற்றுள் ஒன்றைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் நீண்டு செல்லும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பது அன்று அச்சில் வந்திருக்கவில்லை. அந்தக் கோயிலை எடுப்பித்தவர் இராஜராஜர் என்ற செய்தியே பரவலாக அறியப்பட்டிருக்கவில்லை. கர்ணபரம்பரைக் கதைகள்தாம் வழங்கின. ஹுல்ட்ஷ் 1886இல் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்று, தஞ்சைக் கல்வெட்டுகளை 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியாக வெளியிடத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுவர் பேசியது. டிரைப்பின் படமோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

புகைப்படத்தின் தனித்த பெருமை இங்கேதான் இருக்கிறது. ஓவியர் தாம் புரிந்துகொண்டதை வரைகிறார். புரியாத எழுத்து அவர் கையில் வெறும் கோலமாகிவிடக்கூடும். காமிராவுக்குப் புரிதல் என்ற ஒன்று கிடையாது. ஆகவே படமெடுப்பவர் அறியாததையும், கவனிக்காததையும், தேவையில்லை என்று நினைத்ததையும் அது சேர்த்துப் பதிந்துவிடுகிறது. அதன் பொருளைப் பின்னொரு தலைமுறை வந்து படித்துக்கொள்கிறது.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு இது ஆடம்பரச் செலவாகப்பட்டது. டிரைப்பின் பணி முடிவுக்கு வந்தது. 1867-68இல் எட்மண்ட் டேவிட் லயன் மீண்டும் தென்னகக் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்களுக்கான குறிப்புகளைப் பதிப்பித்த ஜேம்ஸ் பெர்குசன், 1876இல் இந்தியக் கட்டடக்கலை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மேலைநாட்டு அறிஞர்கள் நம் கோயில்களை மேசைமீது விரித்து ஆராய்வதற்குப் படங்கள் வழிசெய்தன. ஆனால் காமிரா சென்றது பெரும்பாலும் பெரிய ஊர்களுக்குத்தான். மதுரையும் தஞ்சையும் திரும்பத் திரும்பப் படமாயின. வாய்க்கால் கரையில் ஒற்றைக் கருவறையும் சிறு மண்டபமுமாக நின்ற ஆயிரக்கணக்கான கோயில்களுக்கு அந்த நூற்றாண்டில் காமிரா எட்டிப் பார்க்கவில்லை.

ஊர் ஊராகச் சென்றவர்கள்

அந்தக் குறை பெருமளவு நீங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1955இல், ழான் ஃபிலியோசாவின் தலைமையில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித் தொகுத்த நிறுவனம் என்ற வகையில் தமிழ் படித்தவர்களுக்கு அதை நன்கு தெரியும். அந்தச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றது. சுவடிகளில் சொல்லப்படும் இலக்கணம் கல்லிலும் செம்பிலும் எப்படி வடிவெடுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்ததால், அவர்கள் கோயில்களைப் படமெடுக்கவும் தொடங்கினார்கள். பெரிய கோயில், சிறிய கோயில் என்ற பேதம் பார்க்கவில்லை. விமானம், மண்டபம், தூண், கோட்டத்து மூர்த்தம், பூட்டிய அறைக்குள் இருந்த செப்புத்திருமேனி என்று ஒவ்வொன்றையும் எடுத்து, ஊர்ப் பெயரையும் நாளையும் குறித்து அடுக்கினார்கள். இன்று அந்தத் தொகுப்பில் 1,30,000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

அப்படங்களில் பெரும்பாலானவற்றைக் கலைப்படங்கள் என்று சொல்ல முடியாது. நேரே நின்று, முழு உருவமும் தெரியுமாறு, நிழல் மறைக்காமல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சிலையின் பின்கையில் இருப்பது மானா மழுவா, விமானம் எத்தனை தளம் என்று ஆராய்பவருக்குப் பயன்படும்படி எடுக்கப்பட்டவை. காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ பயன்படும் என்று நினைத்து எடுக்கப்பட்டவை அல்ல.

ஸ்ரீபுரந்தான்

கங்கைகொண்டசோழபுரம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே சோழர் காலத்துப் பிரகதீசுவரர் கோயில் ஒன்று. பூசை அருகி, பெரும்பாலும் பூட்டியே கிடந்த கோயில். 2006இல் அந்தப் பூட்டுக்குப் பின்னாலிருந்த செப்புத்திருமேனிகள் களவு போயின. களவு வெளியே தெரிந்ததோ 2008இல். இடைப்பட்ட காலத்தில் திருமேனிகள் கடல் கடந்துவிட்டன. அங்கிருந்த நடராசரை, நியூயார்க்கில் கலைப்பொருள் விற்ற சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது.

வாங்கும்போது வரலாறு ஒன்றும் சேர்த்துத் தரப்பட்டது. டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டு அதிகாரி ஒருவர் 1970ஆம் ஆண்டையொட்டி அந்தச் சிலையை வாங்கிச் சென்றார் என்றும், அவர் குடும்பத்திடமிருந்து அது கைமாறியது என்றும் காட்டும் காகிதங்கள் அவை. ஆண்டைக் கவனியுங்கள். இந்தியாவின் தொன்மைப் பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே சிலை நாட்டை விட்டுப் போய்விட்டது என்று காட்டினால் கேள்விக்கு இடமில்லை. காகிதம் கச்சிதமாகத்தான் இருந்தது.

ஆனால் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் ஒரு படம் இருந்தது. ஊர், ஸ்ரீபுரந்தான், ஆண்டு, 1994. அதே நடராசர், தம் ஊர்க் கோயிலுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

'அதே' என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் எழலாம். சோழர் காலத்து நடராசர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறார்கள்? இங்கே நம் சிற்பிகளின் தொழில்முறை துணைக்கு வருகிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். பிறகு மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்கவேண்டும். ஒரு மெழுகுக்கு ஓர் அச்சு, ஓர் அச்சுக்கு ஒரு திருமேனி. ஆகவே ஒன்றுபோல இன்னொன்று இருக்க வழியில்லை. திருவாசியின் ஒரு சுடர் சற்றே சாய்ந்திருக்கும். வார்ப்பில் ஓரிடத்தில் சிறு குழி விழுந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிடேகம் செய்த கைகள் ஓரிடத்தை மழுக்கியிருக்கும். தெளிவாக எடுத்த படத்தில் இவையெல்லாம் கைரேகைபோல நின்றுவிடுகின்றன. எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்களும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் புலனாய்வு அதிகாரிகளும் படத்தையும் சிலையையும் ஒப்பிட்டபோது, காகிதத்தில் எழுதிய வரலாறு உதிர்ந்துபோயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அந்த நடராசரை டெல்லியில் நேரில் ஒப்படைத்தார். கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியா கொண்டுவரப்பட்டார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த வரதராசப் பெருமாள் கோயில் திருமேனிகள் தொடர்பான வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அன்று நடராசரோடு இன்னொருவரும் திரும்பி வந்தார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் வெளிச்சுவர்க் கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர். இவர் கட்டடத்தின் ஓர் உறுப்பு. சிட்னியிலுள்ள கலைக்கூடம் 2004இல் விலைக்கு வாங்கியிருந்தது. அவர் தம் கோட்டத்தில் நின்றதைக் காட்டும் 1970களின் படமும் அதே புதுச்சேரித் தொகுப்பிலிருந்துதான் கிடைத்தது.

படம் இல்லாதபோது என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பதற்குப் பத்தூர் நடராசர் எடுத்துக்காட்டு. 1976இல் தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற கிராமத்தில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவரிடம் அகப்பட்டு, கள்ளச்சந்தை வழியாக லண்டன் சென்றவர் அவர். நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் இருந்தவரை யார் படமெடுத்திருக்க முடியும்? சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் ஆராய்ந்து, உடன் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டு, இரா. நாகசாமி போன்ற அறிஞர்கள் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி, பல ஆண்டுகள் வழக்காடித்தான் அவரை 1991இல் மீட்க முடிந்தது. ஒரு படம் செய்யும் வேலையைச் செய்ய இத்தனை பேர் வேண்டியிருந்தார்கள்.

ஊராரின் ஐயம்

எனவே ஊர்தோறும் சென்று படமெடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்ட முடியாது. திருடர்களிடமும் காமிரா இருக்கிறது. ஆளரவமற்ற கோயில்களை நோட்டமிட்டு, திருமேனிகளின் படங்களை அனுப்பி, விலைபேசிய பிறகு பூட்டை உடைப்பது இத்தொழிலின் வழக்கமாக இருந்திருக்கிறது என்பது புலனாய்வுகளில் வெளிப்பட்டது. நாங்கள் சிலர் விடுமுறை நாள்களில் கிராமக் கோயில்களுக்குப் போகும்போது, 'எதுக்குப்பா படம் புடிக்கிறீங்க? எந்த ஊரு நீங்க?' என்று திண்ணையிலிருந்து குரல் வருவது வழக்கம். படித்த நகரவாசிகளுக்கு அந்தக் கேள்வி எரிச்சலூட்டுகிறது. எரிச்சல்பட நமக்கு உரிமையில்லை. அந்தக் குரல் எழாத ஊரில்தான் களவு நடந்திருக்கிறது. நின்று, பெயரும் ஊரும் வேலையும் சொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு படமெடுப்பதே முறை. கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்றால் எடுக்காமல் வருவதுதான் மரியாதை. செப்புத்திருமேனிகளின் படங்களைப் பொதுவில் பரப்பாமல் உரியவர்களிடம் மட்டும் பத்திரப்படுத்துவதே விவேகம்.

மற்றொரு செய்தியும் உண்டு. களவைவிடப் பெரிய மாற்றங்களை நம் கட்டடங்கள் பட்டப்பகலில், ஊர்கூடி மேளதாளத்தோடு சந்திக்கின்றன. அதன் பெயர் திருப்பணி. பக்தியோடும் நல்லெண்ணத்தோடும்தான் செய்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் மணலை விசையோடு வீசிச் சுவரைத் தூய்மை செய்யும்போது அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடுகிறது. தரையை உயர்த்திப் பளபளப்பான கல் பதிக்கும்போது, தாங்குதளத்தின் உபானமும் ஜகதியும் அவற்றில் உள்ள எழுத்தோடு புதைகின்றன. சுதைச் சிற்பங்களுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசியபின் அவற்றின் பழைய முகம் திரும்புவதில்லை. புள்ளமங்கைக் கோயிலின் அடிப்பகுதியில், கை விரித்தால் மறைந்துவிடும் அளவிலான சிற்பங்களில் இராமாயணக் காட்சிகள் உள்ளன. அப்படியொரு வரிசையின் மேல் ஒரு கரண்டிச் சிமெண்டு விழுந்தால் ஒரு காண்டமே போய்விடும்.

பழையவர்கள் இதில் எத்தனை நேர்மையாக இருந்தார்கள் என்பதற்கு நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரம் சாட்சி. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் சிதைந்தது என்றும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுக்கினார் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. புதுக்கியவர் தம் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் கட்டியவர் பெயரும், கெட்டது எதனால் என்பதும் சேர்த்தே பதிவாகியிருக்கின்றன. இன்றைய திருப்பணிப் பலகைகளில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. முன்பு அங்கே என்ன இருந்தது என்ற வரி இருப்பதில்லை. பாலாலயம் செய்வதற்கு முன்னதாக ஒரு நாள் ஒதுக்கி, கட்டடம் முழுவதையும் படமெடுத்து வைத்தால் அந்த வரியைப் படங்கள் எழுதிவிடும்.

எப்படி எடுப்பது

நாங்கள் கைக்கொள்ளும் முறை எளியது. கோயிலை வலம் வருவதுபோலவே படங்களும் வலமாக வரவேண்டும். முதலில் நான்கு திசையிலிருந்தும் முழுக் கட்டடம். பிறகு ஒவ்வொரு சுவர். பிறகு அதன் உறுப்புகள், கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று. இந்த வரிசை மாறாதிருந்தால், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவரும் எந்தச் சிற்பம் எந்தச் சுவரினது என்று தடுமாறமாட்டார். கல்வெட்டுக்கு உச்சிவெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ, ஒளி சுவரை உரசினாற்போல் சாய்ந்து வரும்போது, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எழுத்து அப்போது எழுந்து நிற்கும். எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் கல்லுக்குச் செய்யும் தீங்கு. அளவு தெரிய ஓர் அடிக்கோலை அருகில் வைத்தால் போதும்.

அழகுக்காக எதையும் ஒதுக்கவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். சுவரோரம் சாத்திய ஏணி, தகரக் கொட்டகை, மின்கம்பி, தூணில் கட்டிய ஆடு எல்லாம் இருக்கட்டும். கொட்டகை எப்போது வந்தது என்பதே நாளைக்கு ஒருவருக்கு ஆண்டுக் கணக்காக உதவும். டிரைப்பின் பாடம் இதுதான்: இன்று நமக்குப் பொருளற்றது நாளையும் பொருளற்றதாக இருக்கவேண்டியதில்லை.

சாமி இல்லாத கட்டடங்களுக்கு இன்னும் அவசரம் உண்டு. கோயிலுக்காவது நாலு பேர் பரிந்து பேசுவார்கள். சாலையோரச் சுமைதாங்கிக்கு யார் பேசுவது? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பு அது. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையுமின்றி இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காகத் தோள் உயரத்தில் செய்யப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமையை எண்ணி, இதை நடுவது வழக்கம். சாலை அகலமாகும்போது முதலில் பெயர்வது இந்தக் கல்தான். புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளின் நடுவே கல்தூண்கள் நாட்டிய குமிழித்தூம்புகள் நிற்கின்றன. அமைத்துக் கொடுத்தவர் பெயர் சிலவற்றில் வெட்டப்பட்டிருக்கும். நீர் வற்றிய கோடையில் மட்டும் அருகே போய்ப் படிக்கக்கூடிய எழுத்து அது. இவற்றுக்கெல்லாம் கும்பாபிடேகம் இல்லை, காவலும் இல்லை. ஒரு படமாவது இருக்கட்டும்.

படியை எங்கே வைப்பது

முதற்கடமையை இப்போது நாம் அளவுக்கு மேலேயே செய்கிறோம். கைப்பேசி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் படமெடுக்கிறார். இரண்டாவதில்தான் சறுக்கல். 'பழைய சிவன் கோயில், கீழையூர்' என்று எழுதினால் எந்தக் கீழையூர்? பழுவேட்டரையர்களின் இரட்டைக் கோயில் நிற்கும் கீழையூர் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கீழையூர். மதுரை மேலூர்ப் பக்கம் இன்னொன்று. ஊர், வட்டம், மாவட்டம், கட்டடத்தின் பெயர், நோக்கிய திசை, நாள் ஆகிய ஆறும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதம். ஸ்ரீபுரந்தான் படத்தில் ஊர்ப் பெயரும் ஆண்டும் இல்லாதிருந்தால் அது நீதிக்கு உதவியிருக்காது. யாரோ ஒரு நடராசரின் படமாக இருந்திருக்கும்.

மூன்றாவது கடமையை நாம் தொடவேயில்லை. டிரைப்பின் தஞ்சைச் சுருளைப் பார்க்க லண்டன் போகவேண்டும். சிற்றூர்க் கோயில்களின் படங்களுக்குப் புதுச்சேரி போகவேண்டும். அந்த நிறுவனங்கள் பாதுகாத்ததால்தான் அவை இன்று இருக்கின்றன. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் படமெடுக்கப்பட்ட ஊரில் ஒரு நகல்கூட இல்லை என்பது சரியாகப்படவில்லை. திரும்பி வந்த ஸ்ரீபுரந்தான் நடராசரையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குச் சான்றாகக் கும்பகோணம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, அங்குள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் அவர் சென்றார். சாமியே ஊருக்குப் போக முடியாத நிலையில், அவர் நின்ற கோயிலின் படமாவது ஊரில் இருக்கவேண்டாமா?

கணினிக் கோப்பாகக் கொடுத்தால் போதாது என்பதும் அனுபவம். 1858இன் காகித நெகடிவ் இன்றும் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய குறுந்தட்டு திறக்க மறுக்கிறது. ஆகவே நல்ல தாளில் அச்சிட்டு, பென்சிலால் பின்புறம் விவரம் எழுதி, ஓர் உறையிலிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கோயில் அலுவலகத்திலோ கொடுத்துவிட்டு வருகிறோம். செலவு அதிகமில்லை. கொடுக்கும்போது பெரியவர்கள் படங்களைக் கையில் வாங்கி, 'இது நம்ம மடப்பள்ளிச் சொவரு', 'இந்தத் தூணுக்கு முன்னாடி ஒரு கல்தொட்டி இருந்துச்சு' என்று பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சையும் அன்றே எழுதி உறைக்குள் சேர்த்துவிடுகிறோம். கல்தொட்டியைக் காமிரா பார்க்கவில்லை, அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு கட்டடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழுமையாக எடுங்கள், விவரம் எழுதுங்கள், ஒரு தொகுதியை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.